பாயசம் மணந்த பிளாஸ்டர்

இத்தா,

இன்று காலை பரண்மேல் மழைத் தண்ணீர் சொட்டியது. பழைய துணி மூட்டை நனைந்துவிடுமே என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மூட்டையை இழுத்தேன், அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த தலையணை நேராக என் முகத்தில் வந்து விழுந்தது. நீங்கள் தைத்த தலையணை. சாக்குத் துணிமேல் நீல நூல் போட்டு, குடித்தவன் நடந்த மாதிரி ஒரு தையல். இத்தனை வருஷத்தில் மணம் போயிருக்கும் என்று நினைத்துத்தான் மூக்கில் வைத்தேன். போகவில்லை, இத்தா. பள்ளிக்குக் கிளம்பும் முன் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்ற மீனு மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்: "ஆச்சி, யாரு பாயசம் வெக்கிறா?"

மெதுவாக இறங்கி, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். என் பேத்தி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இன்றைக்கு உங்களுக்கு எழுதுவது என்று.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கும் ஐந்தாம் வகுப்போடு நின்ற தமிழ்தான். பரவாயில்லை. வாயால் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். மட்டாஞ்சேரியில் நான் சத்தம் போட்டுப் பேசினால் கப்பலில் இருப்பவனுக்குக் கேட்கும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? உங்களுக்கும் கேட்கும்.

தலையணைக்கு முன்னால் மூட்டையிலிருந்து தொடங்க வேண்டும். நான் சுக்கு குடோனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எதிரில் ஒரு மூட்டையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நின்றீர்கள், குடோன் முழுவதும் இத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்ட ஆள். இந்தப் பக்கத்து முனைகள் என் கையில். "பிடிச்சோ?" என்று கேட்டீர்கள். நான் தலையை ஆட்டினேன். நீங்கள் தூக்கவில்லை.

"எடீ, வாயில பல்லு உண்டல்லோ? வாய் திறந்து சொல்லு. தலையாட்டினா போரா."

"பிடிச்சு," என்றேன். அப்புறம்தான் மூட்டை எழுந்தது. ஒருத்தி கேட்க வேண்டும், மற்றவள் பதில் சொல்ல வேண்டும், அதன்பிறகே தூக்க வேண்டும். சொல்லாமல் தூக்கினால் மூட்டை சாயும், ஒருத்தியின் முதுகு பிடித்துக்கொள்ளும், சுக்கு முற்றமெல்லாம் ஓடும். நாம் எத்தனை மூட்டை அப்படித் தூக்கியிருப்போம்! அந்தப் பழக்கம் எங்கே வந்து கைகொடுக்கும் என்று அன்று யார் கண்டது?

மீனு நடக்கத் தொடங்கியபோது வாத்து மாதிரி ஆடி ஆடி நடந்தாள். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். என் மாப்பிள்ளை போர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டலில் சமையல் செய்பவர். வேலை முடிந்து வந்ததும் மகளை நடக்கவிட்டு, பின்னாலேயே தானும் அதே மாதிரி நடந்து காட்டுவார். தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் நர்ஸம்மா அவளைப் படுக்க வைத்து இரண்டு முழங்காலையும் மடக்கிப் பார்த்தார். ஒரு முழங்கால் தாழ்ந்து நின்றது. பிறகு எறணாகுளத்தில் எலும்பு டாக்டர், எக்ஸ்ரே. என் மகள் செல்வி வீட்டுக்கு வந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து எனக்கும் உங்களுக்கும் விளக்கினாள். தொடை எலும்பின் தலை எலுமிச்சம்பழம் போல உருண்டை. இடுப்பில் இருக்கும் குழி சிரட்டை. பழம் சிரட்டைக்குள் உட்கார வேண்டும். மீனுவுக்கு ஒரு பக்கம் வெளியே நழுவி நிற்கிறது. மயக்க மருந்து கொடுத்து உள்ளே உட்கார வைத்து, அசையாமல் இருக்க நெஞ்சிலிருந்து கணுக்கால் வரை பிளாஸ்டர் போடுவார்கள். பிளாஸ்டரைப் பிரிக்கும்போது உருண்டை உள்ளேயே இருந்தால் பிள்ளை மற்ற பிள்ளைகள் போல நடப்பாள். மறுபடி நழுவியிருந்தால் இடுப்பைத் திறந்து ஆபரேஷன்.

நான் அழுதேன். நீங்கள் அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்து, சர்க்கரை போட்டு என் கையில் கொடுத்தீர்கள். "பிள்ளை கரையல. நீ எதுக்குக் கரையிறே? குடி."

எதிர்வீட்டுக்காரி வந்து, எல்லாம் நான் பிள்ளையைச் சதா இடுப்பில் தூக்கி வைத்ததால் வந்த வினை என்று ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். காலை விரித்து இடுப்பில் வைத்துக்கொள்வது நல்லதுதான், காலை நீட்டி இறுக்கிச் சுற்றுவதுதான் கூடாது என்றார். நீங்கள் அதை அந்த வீட்டு வாசலில் நின்று, எனக்குச் சொல்வதுபோல, தெருவுக்கே சொன்னீர்கள்.

பிளாஸ்டர் போட்டு வந்தாள், ஜூன் மாதத்து இடவப்பாதி மழையும் வந்தது. தவளை மாதிரி இரண்டு காலும் விரிந்தபடி, நடுவில் கட்டை வைத்துக் கட்டிய பிள்ளை. கூலித்தொழிலாளி வீட்டு வாசல் எவ்வளவு அகலம் இருக்கும்? நேராக நுழையவில்லை. கட்டிலைக் கொண்டுபோவதுபோல் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோனோம். அன்றுதான் முதல்முறை. நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். "பிடிச்சோ?" "பிடிச்சு." மாப்பிள்ளை வாசலில் நின்று, "ரெண்டு பேரும் என் மகளை எந்தக் கப்பல்ல ஏத்தப் போறீங்க?" என்றார். ஆனால் அதன்பிறகு அவரும் செல்வியும்கூடக் கேட்டுவிட்டுத்தான் தூக்கினார்கள்.

செல்விக்கு எறணாகுளத்தில் துணிக்கடை வேலை. காலையில் படகைப் பிடித்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். பகலில் இரண்டு பிள்ளைகளோடு நான். குடோனில் வேலை குறைந்த காலம் அது. மத்தியானம் ஆனால் நீங்கள் வந்துவிடுவீர்கள். சாயா குடிக்க வந்தேன் என்பீர்கள். சாயா ஆறிக்கொண்டிருக்கும், நீங்கள் மீனுவைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

குளிப்பாட்ட முடியாது. ஈரத்துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான். எத்தனை தடவை துணி மாற்றினாலும் மூத்திரம் பிளாஸ்டர் ஓரத்தில் இறங்கிவிடும். மழையில் எதுவும் காயாது. ஒருநாள் சாயங்காலம் செல்வி வேலையிலிருந்து வந்து பிள்ளைக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தாள். மூத்தவன் கதிர், நாலு வயசு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மீனு நாறுறா!" என்றான். செல்வி அவனை அடிக்கவில்லை. முத்தமும் கொடுக்கவில்லை. உள்ளே போய்க் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பவள்போல நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள்.

மறுநாள் இந்தத் தலையணையோடு வந்தீர்கள். குடோனில் விதை எடுத்த ஏலக்காய்த் தோலைக் கேட்டு வாங்கி, வெறும் சட்டியில் சூடாக்கி, சாக்குத் துணியில் திணித்துத் தைத்தது. மீனுவை அதன்மேல் சாய்த்தபோது சரசரவென்று சத்தம். அவளுக்குச் சிரிப்பு. பிளாஸ்டர் கட்டையாகச் சாயாமல் அதில் அழகாக அமர்ந்துகொண்டது. வீடு முழுவதும் கல்யாண வீட்டு மணம்.

"குளிக்காத பீவிக்கு அத்தரு," என்றீர்கள்.

அன்று செல்வி வந்ததும் மகளின் கழுத்தில் முகத்தைப் புதைத்து எவ்வளவு நேரம் இருந்தாள் என்று நான் உங்களிடம் சொன்னேனா? சொல்லியிருப்பேன். நான் எதைத்தான் சொல்லாமல் விட்டேன்.

பிளாஸ்டரை மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? ஆட்டோக்காரர் விரிந்த காலைப் பார்த்துவிட்டு, "சேச்சி, இது பிள்ளையோ டேபிள் ஃபேனோ?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் முகம் மாறாமல், "ஃபேன்தான் மோனே. உன் வண்டியில கரண்டு உண்டோ?" என்று ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். பாலம் தாண்டும்வரை அவர் சிரித்தார், வண்டியைப் பூப்போல ஓட்டினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெரியவர் அப்படியும் இப்படியும் திரும்பி மோப்பம் பிடித்தார். "இவிடெ ஆரோ பாயசம் கொண்டு வந்திட்டுண்டல்லோ?"

"உண்டு," என்று மீனுவைக் காட்டினீர்கள். "இதாணு பாயசம். தொட்டா கடிக்கும்."

அன்றிலிருந்து அந்த வார்டில் அவளுக்குப் பாயசம் என்றே பெயர். நர்ஸுகள்கூட, "பாயசத்தைக் கொண்டு வா," என்பார்கள்.

இதற்கிடையில் கதிர். எல்லோரும் ஒரு பிள்ளையைச் சுற்றியே நின்றோம். இன்னொன்றும் பிள்ளைதான் என்று கண்டது நீங்கள். அவன் சோற்றைத் தட்டிவிடுவான், என் கையைக் கடிப்பான், கரித்துண்டால் பிளாஸ்டரில் கோடு இழுப்பான். ஒருநாள், "எனக்கும் பிளாஸ்டர் போடு," என்று தரையில் புரண்டான். நான் பிரம்பைத் தேடினேன். நீங்கள் ஒரு பழைய வேட்டியைத் தேடினீர்கள். இரண்டு காலையும் விரித்து, துணி சுற்றி, சாக்கு நூலால் கட்டி, தங்கையின் பக்கத்திலேயே படுக்க வைத்தீர்கள். ராஜா மாதிரி கிடந்தான். "எனக்குத் தண்ணி! எனக்கு விசிறு!" என்று ஒரே அதிகாரம். கொஞ்ச நேரத்தில் தெருவில் பஞ்சுமிட்டாய் மணி கேட்டது. எழுந்து ஓடப் பார்த்தான், முடியவில்லை. "அவுத்து விடு இத்தாம்மா, அவர் போயிடுவார்!" என்று அலறினான்.

நீங்கள் அவிழ்த்துக்கொண்டே, மெதுவாக, "கண்டோ? உனக்கு அவுக்கலாம். அவளுக்கு அவுக்கப் பற்றுமோ?" என்றீர்கள்.

கதிர் ஓடினான். ஒரு பஞ்சுமிட்டாயோடு திரும்பி வந்தான், மீனுவின் வாயில் முதல் துண்டை வைத்தான். அவனே அதைப் பெரிய விஷயமாக நினைத்திருக்க மாட்டான். அதன்பிறகு அவள் கை நீட்டும் பக்கமெல்லாம் அவன் ஓடினான். தெருவில் என்ன நடந்தாலும் ஓடி வந்து அவளுக்குச் சொன்னான்: ஆடு போகிறது, மீன்காரி சண்டை போடுகிறாள், ஜூ டவுன் யூதர் தெருப் பக்கம் வெள்ளைக்காரர்கள் குடை இல்லாமல் நனைகிறார்கள். கரிக்கோடு நின்றது. பிளாஸ்டரில் கலர் பென்சிலால் கப்பல் வரைந்தான். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, வெட்டும்போது கப்பலைத் தொடாமல் வெட்டுகிறேன் என்றார்.

வெட்டும் நாள் ஓணத்தை ஒட்டி வந்தது. செல்வியும் மாப்பிள்ளையும் உள்ளே. நாம் இருவரும் வெளியே பெஞ்சில். உங்கள் கையில் தஸ்பீஹ் மணி, என் வாயில் முருகன் பெயர். நடுவில் தலையணை. "நழுவியிருந்தா?" என்றேன். "மிண்டாதே. எண்ணிக்கை தெற்றுது," என்று என் வாயை அடைத்தீர்கள்; பேசினால் மணி எண்ணுவது தவறிப்போகுமாம். செல்வி வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா? "உள்ளயே இருக்கும்மா," என்றாள். "சிரட்டைக்குள்ளயே இருக்கு." நீங்கள் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் குலவையிட்டீர்கள். நர்ஸம்மா ஓடி வந்து திட்டினார். விஷயம் தெரிந்ததும் அவரே சிரித்தார்.

உருண்டை உட்கார்ந்துவிட்டது. ஆனால் கால் நடப்பதை மறந்துவிட்டது. பிளாஸ்டருக்குப் பிறகு இடுப்பில் பெல்ட் கட்டும் காலமும் முடிந்து, நிற்க வைக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும், மீனு பாதம் தரையில் பட்டாலே காலைச் சுருக்கிக்கொள்வாள். அவளாக நடப்பாள், அவசரப்படுத்தாதீர்கள் என்றார்கள். எனக்கா அவசரப்படாமல் இருக்கத் தெரியும்? ஒவ்வொரு நாளும் அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து என் கண் தேய்ந்தது.

அந்த மத்தியானம் நீங்கள் தரையில் தலையணையைப் போட்டு, அதைப் பிடிக்க வைத்து அவளை மண்டியிடச் செய்தீர்கள். பிறகு அக்குளில் கை கொடுத்து நிமிர்த்தினீர்கள். எதிரில் நான். நடுவில் நாலு அடி தரை.

"பிடிச்சோ?" என்றீர்கள், என்னைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து.

பிளாஸ்டர் காலம் முழுக்க நாம் பேசியதைக் கேட்டுக் கிடந்த பிள்ளை அல்லவா? "பிச்சு," என்றாள்.

ஓர் அடி. "பிடிச்சோ?" "பிச்சு." இன்னோர் அடி. மறுபடி கேட்டீர்கள். அவள் "பிச்சு" என்றாள், கால் நகர்ந்தது, நான் நிமிர்ந்து பார்த்தேன், உங்கள் இரண்டு கையும் ஆகாயத்தில் இருந்தன. வாயைத் திறக்காதே என்று கண்ணால் என்னை மிரட்டினீர்கள். அவள் யாரையும் பிடித்திருக்கவில்லை. தன்னைத் தானே பிடித்துக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தாள். கதிர் தெருவுக்கு ஓடிப்போய், எதிர்வீட்டுக்காரியிடம்தான் முதலில் சொன்னான்.

இப்போது அவள் ரெண்டாம் வகுப்பு. பள்ளி விழாவில், உங்கள் கல்யாண வீடுகளில் பெண்கள் கைதட்டி ஆடும் ஒப்பனா ஆடினாள், முதல் வரிசையில். தலையில் முக்காடு, கையில் வளை, கன்னத்தில் சிவப்பு. உட்கார்ந்து எழுந்து சுற்றி வந்து கைதட்டும்போது எது வைத்தியம் பார்த்த கால் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளிடமும் சொன்னேன், "அது என் பேத்தி." வருஷம் ஒருமுறை எக்ஸ்ரே உண்டு. வளர்ந்து முடியும்வரை பார்ப்பார்களாம். பார்க்கட்டும்.

நீங்கள் அதைப் பார்க்காமல் போனதுதான் குறை. போன பெருநாளுக்கு அப்புறம் உங்களை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது, படுக்கை மாற்ற இரண்டு பெண்பிள்ளைகள் உங்களைத் தூக்க வந்தார்கள். கண்ணைத் திறக்காமலே, "பிடிச்சோ?" என்றீர்கள். அவர்கள் விழித்தார்கள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த மூட்டை எழும்பாது என்று. உங்கள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. நல்ல சிரிப்பு.

தலையணையை வெயிலில் வைக்கலாம் என்றால் இன்று வெயில் இல்லை. அடுப்புப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். வீடு முழுக்க மணம். கதிர் பள்ளியிலிருந்து வந்ததும் பாயசம் எங்கே என்று சண்டைக்கு வரப்போகிறான், அதனால் நிஜமாகவே கொஞ்சம் பால் வாங்கிப் பாயசமே வைத்துவிட்டேன்.

ஒரு பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை, இத்தா. தனியாக இருந்தாலும் பெரிய சட்டியை அடுப்பிலிருந்து இறக்கும்போது, குடத்தைத் தூக்கும்போது, வாய் தானாக, "பிடிச்சோ?" என்று கேட்டுவிடுகிறது. ஆச்சி சட்டியோடு பேசுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். சற்று முன்னால் பாயசத்தை இறக்கப் போனேன். இரண்டு பக்கமும் துணியைப் போட்டுக் கேட்டேன். கேட்டுவிட்டுத் தூக்காமல் நின்றேன்.

சோவென்று ஓட்டின்மேல் மழை. அதற்குள்ளிருந்து, பள்ளிப் பை தொப்பென்று விழுந்த முன்வாசலிலிருந்து, "பிடிச்சு, ஆச்சி! இரு, நான் வந்து பிடிச்சு!" என்று ஒரு குரல். அப்புறம் தடதடவென்று இரண்டு கால். இரண்டும் ஒரே அளவாகத் தரையில் விழுகிற சத்தம்.