அந்த வயர் ஸ்டார் என்னுடையதுதான், அக்கா

என் ஆசை ரோஸ்லின் அக்காவுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று எழுதப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது. இருக்கிற இடத்தில் நீங்கள் நல்லாத்தான் இருப்பீர்கள். கெட்டது செய்தவள் நான், நான்தான் இங்கே கிடந்து அல்லாடுகிறேன்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாம் ரெண்டு பேரும் குடியிருந்த காம்பவுண்டு அப்படியேதான் இருக்கிறது. எட்டு வீடு, ஒரு குழாய், தினம் ஒரு சண்டை. டிசம்பர் பிறந்ததும் எட்டு வாசலிலும் ஸ்டார் தொங்கிவிடுகிறது. அதில் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் உங்களுடையது ஒன்றுதான். மற்ற ஏழும் நீங்கள் பழக்கிவிட்டுப் போனது. மாரியம்மன் படத்துக்கு மேலேயே ஸ்டாரை மாட்டி ஸ்விட்ச் போடுகிறார்கள். பார்த்தால் சிரிப்பீர்கள்.

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்றால் அதுவும் பொய். பொய் சொன்னது போதும் அக்கா. கம்பெனியில் நம் லைனில் வேலை பார்க்கிற எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த கடிதமாக எழுதுகிறேன்.

மத்தூரிலிருந்து வந்து வயரிங் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள், போர்டில் எந்த வயர் எங்கே போகும் என்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றேன். நாகர்கோவில் பேச்சோடு பக்கத்தில் வந்தீர்கள். "அழாத மக்களே, நான் காட்டித் தாரேன்." எனக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒத்த ஆளப் போய் மக்களேங்கறீங்களேக்கா, பின்னாடி யாரு நிக்கறாங்கன்னு திரும்பிப் பாத்துட்டன்" என்றேன். அன்றிலிருந்து நான் உங்கள் மக்கள்.

கிறிஸ்மஸ் சீட்டை நம் லைனில் ஆரம்பித்ததும் நீங்கள்தானே. டிசம்பர் முதல் வாரம் டீ டைமில் எல்லோர் பெயரையும் எழுதிச் சுருட்டி டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்குவீர்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாக ஒரு பரிசு. "ஏட்டி, கடையில வாங்குனது செல்லாது கேட்டியா. கைய வச்சு செய்யணும்" என்று கண்டிப்பு வேறு. நம் லைன் நாகம்மா ஒரு வருஷம் பழைய புடவையைக் கிழித்து மிக்ஸிக்கு உறை தைத்தாள். மறு வருஷம் அவள் பின்னிய கம்பளிக் குல்லா சூப்பர்வைசர் தலையில் பாதிதான் ஏறியது. அதோடு மாலை வரை லைன் பார்த்தார் மனுஷன். கையில் ஊசி குத்தி, அடுப்பில் விரல் சுட்டு, அந்த ஒரு மாதம் நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுவோம். தீபாவளிக்குக்கூட எனக்கு அப்படி ஒரு துள்ளல் வந்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முந்தி ஒரு டிசம்பரில் உங்கள் கையில் என் பெயர் வந்தது.

குப்பைப் பெட்டியில் விழுகிற வயர் துண்டுகளைப் பொறுக்கி, சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னி, ஒரு ஸ்டார் செய்திருந்தீர்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஐந்து முனை. ஒவ்வொரு முனையிலும் நம் கறுப்பு டேப்பைச் சுற்றி ஒரு கட்டு. கையில் வாங்கியதும் நான் குதித்த குதி உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. அந்தச் சந்தோஷத்தில் ரெண்டு பேருக்குமே ஒன்று மறந்து போனது. நம் கம்பெனியில் விரல் நீள வயர்கூட எழுத்துச் சீட்டு இல்லாமல் வெளியே போகக் கூடாது. செம்பு. முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது.

ஷிப்ட் முடிந்து வாசல் சோதனையில் என் பையை வைத்ததும் மெஷின் கத்தியது. செக்யூரிட்டி மேடம் ஸ்டாரை வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தார். "இது என்னாம்மா?" என்றார். எனக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசை. ஜனவரியில் என்னை பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். உங்கள் பெயரும் அதே பட்டியலில்தான் இருந்தது.

"எனக்குத் தெரியாது மேடம். என் பையில யாரு போட்டாங்கன்னே தெரியல."

இதைச் சொன்னது நான்தான். யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. நீங்கள் எனக்கு மூன்று பேர் தள்ளி நின்றீர்கள். வரிசையை விலக்கிக்கொண்டு வந்து, "நான்தான் எடுத்தேன் மேடம், அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது" என்றீர்கள். என் முகத்தை நீங்கள் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லியிருக்க மாட்டேன் அக்கா.

உங்கள் கையில் திருட்டு என்று எழுதின லெட்டரைக் கொடுத்தார்கள். பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பட்டியலில் உங்கள் பெயரை அடித்தார்கள். கிறிஸ்மஸ் அன்று காலையில், எப்போதும் போல, ஷைனியிடம் கேக்கும் அச்சுமுறுக்கும் கொடுத்து அனுப்பினீர்கள். எட்டாவது படிக்கிற உங்கள் மகள் புது கவுனோடு வாசலில் நிற்கிறாள். நான் கதவைப் பாதி திறந்து தட்டை வாங்கிக்கொண்டு மூடிவிட்டேன்.

ஜனவரியில் பெர்மனென்ட் ஆனேன். அதே மாதம் ரெண்டு தெரு தள்ளி வீடு மாறிப் போனேன். தண்ணீர் வசதி என்று எல்லோரிடமும் சொன்னேன். பேக்கிங் பக்கம் போகாமல் கேன்டீனுக்குச் சுற்றிப் போனேன். ஆவணியில் உங்களுக்கு மஞ்சள் காமாலை முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் எல்லாம் முடிந்தது. உங்களைத் தூக்கியபோது காம்பவுண்டு வாசலில் நின்றேன். உள்ளே வர எனக்கு ஏது முகம்?

இப்போது நான் லைன் லீடர். ஷைனி டிப்ளமா முடித்துவிட்டு இந்த வருஷம் ட்ரெய்னியாக என் லைனிலேயே வந்து நிற்கிறாள். உங்கள் நெற்றி, உங்கள் நடை. பேச்சு மட்டும் ஓசூர் பேச்சு. நாகம்மாவோடு கன்னடத்தில் வம்பளக்கிறாள்.

டிசம்பரில் டப்பாவைக் குலுக்கினோம். எல்லோரும் சீட்டு எடுத்தார்கள். ஷைனி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு வேணாங்க்கா. எங்கம்மா இந்த விளையாட்டாலதான் திருடினு பேரு வாங்கினாங்க."

இன்றைக்கும் வாயை மூடினால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. லைன் மொத்தமும் நிற்க, சத்தமாகவே சொன்னேன். "ஷைனி, உங்கம்மா திருடல. அந்த ஸ்டாரு எனக்காகச் செஞ்சது. நான்தான் ஆசையா வாங்கிப் பையில வெச்சன். மாட்டுனதும் தெரியாதுன்னு பொய் சொன்னன். உங்கம்மா என்னக் காப்பாத்த முன்னாடி வந்து நின்னாங்க."

அவள் அழவில்லை. "வீட்ல நாங்க கேட்டப்பகூட நான்தான் எடுத்தேன், தப்புதான்னு சொன்னாங்க. ஸ்கூல்ல எல்லாரும் கேலி பண்ணாங்க. அந்தக் கோவத்துல நான் அவங்ககூட சரியாவே பேசலக்கா, கடைசி வரைக்கும். அந்த நாள யாரு எனக்குத் திருப்பிக் குடுப்பா?"

உங்களுக்கு அந்த பெர்மனென்ட் வேலைதான் போனது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையிடம்கூட என்னைக் காட்டிக் கொடுக்காமல் போயிருக்கிறீர்களே. ஏன் அக்கா? ஒரு வார்த்தை அவளிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? என் தலைமுடியைப் பிடித்து நாலு அறை விட்டிருக்கலாமே!

மறுநாள் ஷைனி வந்து கேட்டது ஒன்றுதான். "எங்கம்மா ஃபைல்ல இருக்கற லெட்டர எடுக்கச் சொல்லுங்க." நடந்ததை இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு எச்.ஆர். ஆபீஸில் கொடுத்தேன். "இறந்தவங்க ஃபைல இப்ப எதுக்கும்மா கிளர்றீங்க? உங்களுக்குத்தான் பிரச்சனை" என்றார் அங்கே இருந்தவர். "இருக்கட்டும் சார்" என்றேன். புது வருஷம் பிறந்ததும் விசாரணை. லீடர் வேலை போகலாம், வேலையே போகலாம். பயமாகத்தான் இருக்கிறது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

அப்புறம், நானும் ஒரு ஸ்டார் பின்னினேன். சிவப்பு, மஞ்சள், பச்சை. உங்கள் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை, ஒரு முனை கோணல். இந்த முறை சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாசலில் நானே எடுத்துக் காட்டினேன். அதே மேடம்தான். "செஞ்சது யாரு?" என்றார். நான் என்றேன். "யாருக்கு?" என்றார். "எங்கக்கா பொண்ணுக்கு" என்றேன்.

நேற்று சாயங்காலம் காம்பவுண்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஷைனி கதவைப் பாதிதான் திறந்தாள். ஸ்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோணல் முனையைப் பிரித்து, நிலைப்படியில் சாய்ந்தபடியே திரும்பப் பின்னி, டேப்பை இழுத்து ஒரு கட்டுப் போட்டாள். உங்கள் கட்டு அக்கா, அச்சு அசல். "அம்மா இப்பிடித்தான் கட்டுவாங்க. அடுத்த வருஷம் நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். என்னை வரச் சொல்லவில்லை. கதவை மூடவும் இல்லை.

அடுத்த வருஷம் என்றாளே, அது போதும் எனக்கு. விசாரணையில் யார் என்ன கேட்டாலும் தெரியாது என்ற சொல் என் வாயில் வராது. வேலை இருந்தாலும் போனாலும் டிசம்பருக்கு டிசம்பர் ஒரு ஸ்டார் பின்னி எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவேன். உள்ளே வாங்க என்று அவள் சொல்லும்வரை வெளியிலேயே நிற்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
ஒற்றை ஆளாக நிற்கும் உங்கள் மக்கள்,
தங்கச்சி செல்வி