மாஸ்க் மாட்டி மேட்ச் பார்ப்பவருக்கு

என்னங்க,

நேரில் சொன்னால் டிவி சத்தத்தைக் கூட்டுவீர்கள். அதனால் எழுதி, ரிமோட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

நேற்று டாக்டர், தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்க உங்களுக்குக் கொடுத்த மெஷினின் கணக்கைப் பார்த்து, "தூக்கத்துல மூச்சு நிக்கவே இல்லையே! தைரியமா முதுகு வலி மாத்திரையைக் கூட்டலாம்" என்றார். நீங்களும் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினீர்கள்.

மெஷினில் மணிக்கணக்கு ஏறட்டும் என்று பகலெல்லாம் அதன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, முழித்திருந்து மேட்ச் பார்க்கிறவருக்கு மூச்சு எப்படி நிற்கும்? படுக்கும்போதுதான் கழற்றி எறிகிறீர்களே. பட்டை இழுத்துக் கழுத்தும் வலிக்கிறது, தெரியும். அதை டாக்டரிடம் சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

அந்த மாத்திரை தூக்கத்தில் மூச்சை இன்னும் மந்தமாக்குமாம். இப்போதே உங்கள் மூச்சு நின்றால், புரண்டு படுப்பது மாதிரி நடித்து நான்தான் இடித்து எழுப்புகிறேன். எனக்குப் பகலில் கண் எரிகிறது, அவ்வளவுதான்.

இன்று காலையில் அந்த டாக்டரின் நர்ஸிடம் போனில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். "ஒருக்களிச்சுப் படுக்கிறவங்களுக்கு மூக்குல மட்டும் வைக்கிற சின்ன மாஸ்க் இருக்கும்மா. வலிக்குதுன்னு சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்? சாயந்திரம் கூட்டிட்டு வாங்க. டாக்டர் பார்க்கிற வரைக்கும் புது மாத்திரை வேணாம்" என்றார்.

பழைய மாத்திரை மேசையில் இருக்கிறது. நேற்று கூட்டி எழுதிக்கொடுத்த புதியது என் கைப்பையில். தேடாதீர்கள்.

கோபம் வந்தால் திட்டுங்கள். நாளைக்கும் திட்டுங்கள். தினமும் காலையில் எழுந்து திட்டுங்கள்.

இப்படிக்கு,
பக்கத்தில் படுத்தும் தூங்காதவள்