டிவியில் டைப் அடித்த தங்கச்சிக்கு

என் வாயாடித் தங்கச்சி மலருக்கு,

காலையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து வந்தவன் இன்னும் குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. லயத்து வீட்டு வாசலுக்கும் ரோட்டு முனைக்கும் நாலு தடவை நடந்துவிட்டேன். கால்ல சக்கரமா கட்டியிருக்கு என்று உன் அண்ணி கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளிடம் சொல்ல முடியாததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. சண்டை போட இன்னும் நீதான் எனக்குச் சரியான ஆள்.

விஷயம் இதுதான். நம் வள்ளிக்குக் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பன் நான் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு நாளைக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டுமாம். படிவம் மேசையில் கிடக்கிறது. மூன்று நாளாகப் பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன். பயம்தான் மலரு, வேறென்ன? உனக்கு ஒரு தடவை விட்டுக்கொடுத்து உன்னை இழந்தவன் நான்.

அந்தப் பெரிய டிவியை நினைத்தாலே எனக்கு இன்னும் கோபம் வருகிறது. துரைமார் கிளப்பில் புதுசு வாங்கியதும் பழையதைக் கழித்தார்கள். வலது மூலையில் படம் பச்சையடிக்கும். அதனால்தான் அவ்வளவு மலிவாக என் கைக்கு வந்தது. பால் டிராக்டரில் ஏற்றிவந்து நாலு பேர் பிடித்து இறக்கினோம். நம் தோட்டத்து லயத்தில் அத்தனை பெரிய டிவி வேறு யாரிடமும் இல்லை. சனிக்கிழமை தமிழ்ப்படம் என்றால் நம் வீட்டில் பாய் விரிக்க இடம் இருக்காது. யார் எங்கே உட்காருவது என்று நான்தான் சொல்லுவேன். ஆறு நாளும் வேலை ஏவும் மண்டோரிடம் ஏச்சு வாங்குகிறவனுக்கு வாரத்தில் ஒரு நாள் அதிகாரம். அதை விட மனசு வருமா?

அந்த நேரம் பார்த்துத்தான் நீ ரந்தாவ் டவுனிலிருந்து அந்தச் சாமானைக் கொண்டுவந்தாய். கம்ப்யூட்டர் என்றாய். பார்த்தால் எழுத்துக்கட்டைகள் பதித்த ஒரு பலகை, அவ்வளவுதான். உனக்குப் பழக்கமான சீன டீச்சர் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்ததாம். இதுக்குத் திரை எங்கே என்று கேட்டேன். "திரைதான் நம்ம வீட்டுல இருக்கே அண்ணே" என்றாய், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

சிரம்பானில் ஒரு தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டரில் பெயரும் எண்ணும் அடிக்கப் பெண்கள் தேவை என்றும், கட்டையைப் பார்க்காமல், தாளை மட்டும் பார்த்துப் பிழையில்லாமல் அடிக்க வேண்டும் என்றும் சொன்னாய். சோதனைக்கு இரண்டு வாரம் இருந்தது. நமக்கோ என்ஜின் கரண்ட், மாலை ஆறிலிருந்து பத்துவரைதான். உனக்கும் டிவிக்கும் ஒரே நேரம்.

தினமும் ஏரியல் வயரைப் பிடுங்கிவிட்டு உன் வயரைச் சொருகுவாய். குமிழைத் திருகிப் படம் வராத ஓரிடத்தில் நிறுத்துவாய். கட்டைவிரல் தண்டிக்கு எழுத்து வந்து நிற்கும். பக்கத்தில் இருந்து பார்த்தால் அத்தனையும் கலங்கும். தள்ளி உட்கார வயர் எட்டாது. நீ தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடிப்பாய். எழுத்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கதாநாயகன் மூஞ்சியில் ஏபிசிடி தெரியும் என்று லயத்தில் எவனோ சொன்னதை நம்பி, நீ எழுந்ததும் நான் ஈரத்துணியால் திரையைத் துடைப்பேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திங்கட்கிழமை சோதனை. அதற்கு முந்திய சனிக்கிழமை, படத்துக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் ஒரு தாள் அண்ணே, ஒரு தாள் என்றாய். எல்லார் முன்னாலும் நீ என்னைக் காக்கவைப்பதா என்று எனக்கு ரோஷம். வயரைப் பிடுங்கிவிட்டேன். நீ அதுவரை அடித்ததெல்லாம் திரையிலிருந்து போயிற்று. ஏரியலைச் சொருகினால் படம் வரவில்லை, வெறும் இரைச்சல். குமிழை எங்கே வைப்பது என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் திருகு திருகென்று திருகினேன். பாய் முழுக்கச் சனம் என்னையே பார்த்தது.

நீ எழுந்து வந்து குமிழை ஒரு திருப்பு திருப்பினாய், படம் வந்தது. அப்புறம் பலகையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாய். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கட்டைகள் தட்டும் சத்தம் கேட்டது. திரை இல்லை, வயர்கூடச் சொருகவில்லை. வெறுங்கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாய்.

மண்டோர் பெண்சாதி அஞ்சலைக்கா முதல் வரிசையில் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். படம் பைத்தியம். அவர் எழுந்துபோய் டிவியை அணைத்தார். "படம் அடுத்த வாரமும் வரும் லா. இந்தப் புள்ளைக்குச் சோதனை மறுபடியும் வருமா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் ஏரியல் வயரைக் கழற்றிவிட்டேன்.

பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். மீதிப் பேர் உன்னைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு, நீ அடிப்பதைப் படம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நீ தாளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து, திரையில் அங்கிருந்து தெளிவாகத் தெரிந்த எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன். பிழை என்று நீ தலையாட்டினால் சனமெல்லாம் ச்சு கொட்டியது. எட்டு வயசு வள்ளி உன் முதுகில் சாய்ந்துகொண்டு என்னோடு சேர்ந்து கத்தினாள். கரண்ட் போகும்வரை அப்படியே இருந்தோம்.

வேலை கிடைத்தது. முதல் நாள் போய்விட்டு வந்து என்ன சொன்னாய் தெரியுமா? அங்கே திரை ரொம்பச் சின்னது, நம் டிவியில் கால்வாசிகூட இல்லை, நீ பழக்கதோஷத்தில் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்ததைப் பார்த்துப் பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள் என்று. சொல்லிவிட்டு நீயும் சிரித்தாய்.

மூன்று வருஷம். அப்புறம் அந்த மழைக்காலைக் கருக்கல். ரந்தாவ் ரோட்டில் தொழிற்சாலை பஸ்ஸும் செம்பனைக்காய் லாரியும். அதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

அன்றிலிருந்து நான் பஸ் ஏறியதில்லை மலரு. எங்கே போனாலும் மோட்டார் சைக்கிள்தான், இல்லையென்றால் நடை. யாரிடமும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நான் பிடித்த பிடியில் நின்றிருந்தால், அஞ்சலைக்கா டிவியை அணைக்காமல் படம் பார்த்திருந்தால், நீ சோதனையில் தோற்றிருப்பாய். தோற்றிருந்தால் இந்நேரம் இங்கேதானே இருப்பாய்? ஏழு வருஷமாக இதையே தின்றுகொண்டிருக்கிறேன். வயரைப் பிடுங்கியதற்கும் உன்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, அதன்பின் விட்டுக்கொடுத்ததற்கும் என்னை மன்னிக்கவில்லை. இரண்டில் எதற்கு அழுவது?

நேற்று வள்ளியிடம் இதைச் சொல்லிவிட்டேன். அத்தையை அந்த வேலைதான் கொன்றது, உன்னையும் அனுப்ப மாட்டேன் என்றேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் உன்னை மாதிரிதான், கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும்.

"அத்தை பஸ்ஸுல செத்தாங்கப்பா, வேலையில இல்ல. அந்த மூணு வருஷம் அவங்க எப்படி இருந்தாங்கன்னு நீங்க ஒரு நாள்கூட பேசுனதில்லயே. எனக்கு அந்த வருஷங்கதான் ஞாபகம் இருக்கு" என்றாள்.

நான் எழுந்து வெளியே வந்தவன்தான், பால் வெட்டிய நேரம் போக நடந்துகொண்டேதான் இருக்கிறேன். நடக்க நடக்க அந்த மூன்று வருஷம்தான் வருகிறது. வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, செம்மண் ரோட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே வருவாய். தோட்டத்து ஆபீஸ் கிராணிக்கு எதிரே நின்று அண்ணனுக்கு லீவு வேண்டும் என்று நீ கேட்டது. கல்யாணம் பேச வந்தவர்களிடம், வேலையை விடச் சொன்னால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றது. அவ்வளவு சந்தோஷமாக நம் வீட்டில் யார் இருந்தார்கள், நம் அம்மா இருந்தாளா, நான் இருந்தேனா? நீ சாகப் போனதாக ஏழு வருஷம் எனக்குள் சொல்லித் திரிந்தேன். நீ வாழப் போனாய். அதை எனக்குச் சொல்ல உன் மருமகள் வளர்ந்து வரவேண்டியிருந்தது.

என்னை மன்னித்துவிடு தங்கச்சி. வயருக்கும் சேர்த்து.

இதோ, படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன். பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. காலை முதல் பஸ் ரந்தாவ் ரோடு வழியாகத்தான் போகிறது. வள்ளியைத் தனியாக அனுப்ப மாட்டேன். நீ பஸ்ஸில் உட்கார்ந்து போன ரோட்டில் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்து போவேன். காலேஜ் வாசலில் விட்டுவிட்டு, திரும்பியும் பஸ்ஸிலேயே வருவேன். இது உன்மேல் சத்தியம்.

உனக்கு அண்ணனும் வள்ளிக்கு அப்பனுமான
ராமையா