ஆட்சேபணை இல்லை

உம்மன்னாக் குடா, கிரீன்லாந்து
11 பிப்ரவரி 2018

அன்புத் தம்பி செவரினுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நாய்கள்தான் நீ போனதிலிருந்து என் பேச்சைக் கேட்பதாயில்லை. கடல் கெட்டியாக உறைந்திருக்கிறது. நேற்று பனியில் துளை போட்டு இறக்கிய தூண்டிலில் பதினாறு ஹாலிபட் மீன் ஏறியது. போன மாதம் பிடித்த முதல் மீனில் உன் பங்கைக் காயவைத்து இத்துடன் அனுப்புகிறேன். ஊரைவிட்டுப் போன உடன்பிறப்புக்கும் முதல் மீனில் பங்கு உண்டு. அம்மா போனபின் அதை வெட்டி வைப்பது என் வேலையாகிவிட்டது.

மறந்துவிடாதே, நம் மீனவர் சங்கம் உன்னைக் கோபன்ஹேகன் கூட்டத்துக்கு அனுப்பியிருப்பது ஒரே ஒரு விஷயம் சொல்ல. வடக்கே பனி விலகித் திறந்த கடலில் வெளிநாட்டுக் கப்பல் எதுவும் வலை இழுக்கக் கூடாது. நம் குடாவுக்கு வரும் மீன் அங்கேதான் பிறக்கிறது. அங்கே வாரிவிட்டால் இங்கே நாம் துளைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பதினோரு நாடு வருகிறதாமே. பாதிப் பேர் பனிக்கட்டியைக் குளிர்பானத்தில்தான் பார்த்திருப்பார்கள். நம் கடலைப் பங்கு போட இவர்களை யார் கூப்பிட்டது?

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பிபியானே

கோபன்ஹேகன்
3 மார்ச் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

மீன் வந்தது. விடுதி அறையில் உட்கார்ந்து மென்றேன். வாடை அடிக்கிறதென்று பக்கத்து அறைக்காரர் புகார் செய்துவிட்டார்.

கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் உனக்குக் குமட்டும். எனக்கு நாற்காலி கடைசி வரிசையில், காப்பி மேசைக்குப் பின்னால். இரண்டு பேர் என்னிடம் சர்க்கரை கேட்டார்கள். பதினான்கு கப்பலுக்கு அனுமதி கொடுக்கப் பார்க்கிறார்கள். மீன்பிடிப்பு என்று சொல்லக் கூடாதாம், ஆராய்ச்சியாம். பிடித்ததை விற்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, வீணாக்கக் கூடாதல்லவா என்றார் தலைவர். மத்தியானம் நம் கடல் இறாலை எனக்கே பரிமாறி, "சாப்பிட்டுப் பாருங்க, உங்க பக்கத்துச் சரக்குதான்" என்றார்கள்.

கடைசியில் தலைவர், உள்ளூர் மக்களுக்கு இது சம்மதம்தானா என்று கேட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் மூக்கைச் சுருக்கினேன். லேசாக இல்லை, அப்பா சுருக்குவாரே, அப்படி. அப்பா அப்படிச் சுருக்கினால் நாம் எப்போதாவது இரண்டாம் தடவை கேட்டிருக்கிறோமா? முடியாதென்றால் முடியாதுதான். தலைவரும் புரிந்துகொண்டு தலையாட்டி நன்றி சொன்னார். வந்த வேலை முடிந்தது அக்கா.

அன்புத் தம்பி,
செவரின்

உம்மன்னாக் குடா
24 ஏப்ரல் 2018

அன்புத் தம்பிக்கு,

கூட்டக் குறிப்பு சங்கத்துக்கு வந்தது. பள்ளி ஆசிரியை வாசித்தாள். "உள்ளூர்ப் பிரதிநிதி பதில் எதுவும் கூறவில்லை. ஆட்சேபணை இல்லை எனக் கொள்ளப்பட்டது."

முதலில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "ஏதோ வாடை அடிக்குதுன்னு நெனச்சிருப்பானுங்க" என்றான் கடைக்கார யோகும். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் நம் ஊர் வழக்கப்படி மூக்கைத்தான் சுருக்கியிருப்பேன். ஒரு மனுஷன் மூஞ்சியில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவர்கள் கடலை ஆராய வருகிறார்களாம். நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. ஜூன் முப்பதுக்குள் பிரதிநிதி திருத்தம் கேட்கலாம் என்று குறிப்பின் அடியில் போட்டிருக்கிறது. பிரதிநிதி மட்டும்தானாம், எங்களால் முடியாது. ஒரு வரி எழுதிப் போடு, தம்பி.

அக்கா,
பிபியானே

கோபன்ஹேகன்
6 ஜூன் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

திருத்தம் கேட்கத்தான் போனேன். தலைவர் என்னைச் சாப்பிட அழைத்துப் போனார். மோசமான மனிதர் இல்லை. அந்த ஒரு வரியில் கை வைத்தால் ஆறு வருஷப் பேச்சு அத்தனையும் அவிழ்ந்துவிடும் என்கிறார். "கடைசி வரிசையில உக்காந்து மொறைக்கிறதுக்கு, முன்னால வந்து பேசலாமே" என்றார். ஐந்து வருஷத்துக்கு ஆலோசகர் பதவி. முன்வரிசை நாற்காலி, என் பெயர் போட்ட பலகை. உள்ளே இருந்தால்தானே அக்கா பதினான்கைப் பத்தாகவாவது குறைக்க முடியும்?

அதனால் திருத்தத்தை இன்னும் அனுப்பவில்லை. நீ திட்டுவாய் என்று தெரியும். திட்டிவிட்டு யோசித்துப் பார். பதவிக்குச் சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். செயலாளர் நீதான். இத்துடன் வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இந்த வருஷம் திமிங்கலத் தோல் கிடைத்ததா? இங்கே எதை வாயில் வைத்தாலும் ருசியில்லை.

உன் செவரின்

உம்மன்னாக் குடா
2 செப்டம்பர் 2018

செவரின்,

திருத்தம் அனுப்பிவிட்டேன் என்று உன்னிடமிருந்து ஒரு வரி வருமென்று ஜூலை முழுக்கத் தபால் நிலையத்துக்கு நடந்தேன். வந்தது அச்சடித்த குறிப்பு. ஆட்சேபணை இல்லை. அடியில் உன் கையெழுத்து. முதல் தடவை அவர்களுக்குப் புரியவில்லை. இந்தத் தடவை எல்லாம் புரிந்துதான் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

போன வாரம் யோகும் படகில் வடக்கே போய் வந்தான். மூன்று ஆராய்ச்சிக் கப்பல்கள் நிற்கின்றன. விலைபோகாத சின்ன மீனைப் பின்பக்கமாகக் கடலில் கொட்டுகிறார்களாம். கையகலம்கூட வளராத ஹாலிபட். செத்து மிதந்ததை ஒரு வாளி அள்ளி வந்து சங்க மேசையில் கவிழ்த்தான். இரண்டு தடவை கழுவியும் மேசை நாறுகிறது. அதே மேசையில் வைத்துத்தான் நீ அனுப்பிய சம்மதத் தாளை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எனக்கு எது நாறுகிறது என்றே தெரியவில்லை.

யாரும் பேசவில்லை. ஆனால் எங்களுக்கும் இப்போது புத்தி வந்துவிட்டது. சங்கத்தில் இருக்கும் இருபத்துமூன்று பேரும் ஒவ்வொருவராக வந்து, சம்மதமில்லை என்று உன் தாளின் பின்பக்கத்தில் கைப்பட எழுதினோம். இத்துடன் இருக்கிறது. உன் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்.

எல்லோரும் கிளம்பும்போது யோகும் கேட்டான்: "வர்ற வருஷம் மொத மீனுல செவரின் பங்க எடுத்து வைக்கணுமாக்கா?"

நான் மூக்கைச் சுருக்கினேன். அவன் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

பிபியானே