சிமென்ட் பாபாசாகேப்

மார்ச் 3
வெண்கலச் சிலை உறுதியாகிவிட்டது. ஏப்ரல் 14, பாபாசாகேப் ஜெயந்தியன்று திறப்பு. கமிட்டிச் செயலாளர் என் தம்பி கௌதம்தான். வீடு வீடாகப் பேடா கொடுத்துக்கொண்டு வந்தான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு பேடா தின்றுவிட்டு, பழைய சிலையை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். ஆற்றில் இறக்கிவிடலாம் என்றான், ஏதோ உடைந்த பானையைச் சொல்வது போல. மூன்றாவது பேடாவை அப்படியே வைத்துவிட்டேன்.

மார்ச் 4
கோபம் தணியவில்லை. அந்தச் சிலை அப்பா செய்தது. எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா லஹானு மேஷ்ராம் சுவர் கட்டுகிற கொத்தனார், சிற்பி இல்லை. கையில் இருந்தது நைந்துபோன ஒரு செய்தித்தாள் படம் மட்டும். நீலக் கோட்டு வந்தது, கையில் புத்தகம் வந்தது, முகம் மட்டும் வரவே மாட்டேன் என்றது. கடைசியில் சவரக் கண்ணாடியை மாட்டிவைத்துத் தன் முகத்தையே பார்த்துப் பார்த்துப் பூசினார். "இது பாபாசாகேபா, நீயா?" என்றாளாம் அம்மா. மூக்குக்கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றாராம். ஆகவில்லை. எங்கள் மோஹ்காவ் ஊரே ஒரு வாரம் சிரித்தது. பிறகு நாற்பத்து நான்கு வருடமாக மாலை போடுகிறது.

அதே அகல மூக்கு, அதே இறங்கிய உதடு எனக்கும். நான் முறைத்தால் என் வீட்டுக்காரர், "சிலை பார்க்குது, நான் கிளம்புறேன்" என்று செருப்பைத் தேடுவார்.

மார்ச் 11
கூட்டம். போன வருடம் வந்த அதிகாரிகள் சிலையைப் பார்த்துச் சிரித்ததையும், ஒருவர் போனில் படம் எடுத்ததையும் கௌதம் சொன்னான். அன்று அவன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். இது எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் கத்திவிட்டேனா? தெரிந்திருந்தாலும் கத்தியிருப்பேன்.

"உன் மூஞ்சியும் அதே மூஞ்சிதான்டா! அதை எந்த ஆத்துல இறக்கப்போற?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 19
கௌதம் பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 26
இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

டோங்கர்டோலியிலிருந்து ஏழு பெண்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம், பதினோரு வீடு. ஒவ்வொரு ஜெயந்திக்கும் பத்து கிலோமீட்டர் நடந்து இங்கே வருகிறவர்கள். அவர்களுக்கென்று இருப்பது கண்ணாடிச் சட்டம் போட்ட பாபாசாகேப் போட்டோ ஒன்றுதான். அவர்களில் வச்சலாபாய் உட்காரக்கூட இல்லை. உங்களுக்கு வேண்டாம் என்கிற பாபாவை எங்களுக்குக் கொடுங்கள் என்றாள்.

கௌதம் ஒளிக்காமல் சொன்னான்: "வச்சலாபாய், அதுல முகம் சரியா வரல."

"என்ன தம்பி இப்படிச் சொல்ற? எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அவர் முகம் இதுதான். போட்டோவுலதான் வேற மாதிரி இருக்கார்."

கூட்டமே சிரித்தது. கௌதம் எழுந்து வெளியே போனான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. டிராக்டர் நான் ஏற்பாடு செய்கிறேன் என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத்தான் சொன்னான்.

ஏப்ரல் 9
சிலை புறப்பட்ட நாள். பீடத்திலிருந்து பெயரவே இல்லை. அப்பா இரட்டைக் கம்பி போட்டிருந்திருக்கிறார். இதைக் கட்டினவன் யாருடா என்று கூலியாட்கள் திட்டத் திட்ட எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் கௌதமே கோட்டுக்குப் புது நீலம் அடித்திருந்தான். முகத்தை மட்டும் தொடவில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை.

வைக்கோலைப் பரப்பி, ஊரிலிருந்த பாதி மெத்தையை அடுக்கி, மேலே ஏற்றினோம். மேளம், நீலக் கொடி, நீலப் பொடி. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது போலத் தெருவே சிரித்துக்கொண்டு அழுதது. கௌதம் டிராக்டர் முன்னால் ஆடினான் - ஐயோ, அவனுக்கு ஆடவே வராது. முழங்கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நடுவில் நின்று, "அக்கா, நீயும் ஏறு. அவர் ஆடாம பிடிச்சுக்க" என்றான். இருபத்தொன்பது நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. மலைப்பாதை முழுக்க அப்பா செய்த சிமென்ட் பூட்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போனேன்.

ஏப்ரல் 14
வெண்கலச் சிலையைத் திறந்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும்: அச்சு அசல் அவரேதான். யாரும் சிரிக்கவில்லை. கௌதம் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது.

மே, புத்த பூர்ணிமா
டோங்கர்டோலிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மலைக்காற்று, எல்லோர் வீட்டிலும் பாயசம். சாணம் மெழுகிய புது மேடையில் சிலை. போன வாரம்தான் அந்த ஊருக்கு மருமகளாக வந்தவளாம் ஒரு பெண், வேறு மாவட்டத்துக்காரி. கிண்ணத்தை என் கையில் கொடுத்தவள் போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சித்தி, உங்களை இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. ஆனா தினமும் காலைல கும்பிட்டுட்டுப் போற மாதிரி இருக்கு. ஏன்னு தெரியல."

வச்சலாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னேன்.