வீரகேது நல்ல நண்பனா?

தியாகதுருகம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, செந்தமிழ்ச்செல்வி எழுதிக்கொண்டது. நானும் பிள்ளை இலக்கியாவும் உடம்புக்கு நலம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே சாப்பாடு இறங்குகிறதா? மனுப் போட்டு ஜெயிலுக்குப் பார்க்க வந்த அன்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தீர்களே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மக்காச்சோளம் அறுத்தாயிற்று. பூமாலை அண்ணன்தான் ஆள் கூட்டி வந்தார். மாட்டுக்குப் பால் வற்றிவிட்டது.

உங்கள் கூட்டாளி கவியரசன் வந்தான். "இன்னா அண்ணி, அழுதுக்கினே இருந்தா எப்பிடி? கூத்துல வீரகேதுவா நின்ன மாதிரியே அண்ணன் எனக்காக நின்னுட்டாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கையோடு தன் கல்யாணப் பத்திரிகையை வைத்தான். தை மாதமாம்.

அந்த வீரகேதுவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வருஷா வருஷம் நம் கோயில் கூத்தில் அவன் இளவரசன், நீங்கள் தளபதி வீரகேது. இளவரசன் விட்ட அம்பில் ஒரு கிழவர் சாக, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு வீரகேது கழுத்தை நீட்டுவான். பெண்கள் கற்பூரம் கொளுத்திக் கும்பிடுவார்கள். கண்ணாயிரம் என்றால் ஊரில் யாருக்குத் தெரிகிறது? வீரகேது என்றால்தான் தெரியும். அந்தப் பேர் உங்களுக்கு உடம்பில் ஊறிவிட்டது. இல்லாவிட்டால், வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது கவியரசன் ஜீப்பைக் கவிழ்த்து, பின்னால் உட்கார்ந்திருந்த செல்லியம்மாள் செத்ததற்கு, நான்தான் ஓட்டினேன் என்று போலீசிடம் போய் நிற்பீர்களா? உங்கள் இரண்டு பேரைத் தவிரப் பார்த்தவர்கள் யாரும் இல்லாதது உங்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

வீரகேது நல்ல நண்பனா, மாமா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இளவரசனை அவன் கோழையாக்கிவிட்டான். கவியரசன் இன்றைக்கும் அதே மலைப்பாதையில் போன் பேசிக்கொண்டேதான் வண்டி ஓட்டுகிறான். நாளைக்கு இன்னொரு உயிர் போனால் யார் கழுத்தை நீட்டுவது? "வூட்ல பொண்டாட்டிய ஒரு வார்த்த கேட்டியாப்பா?" என்று கோமாளி வேஷம் கட்டும் கட்டியக்காரன் வீரகேதுவைக் கேட்பான். ஊரே சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன். கூத்தில் காளி வந்து வாளைப் பிடித்துக்கொள்வாள். கோர்ட்டில் யார் வருவார்கள்?

செல்லியம்மாள் மகள் ரங்கம்மாள் குழாயடியில் என்னைக் கண்டால் நிறையாத குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். இலக்கியா பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். "அப்பா அப்பிடியாம்மா ஓட்டுவாரு? நீ வந்து டீச்சர்கிட்ட சொல்லு" என்று அழுகிறாள். நான் ஊமையாக நிற்கிறேன். யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் தலையில் என் கையை வைத்து அடித்து நீங்கள் சத்தியம் வாங்கிவிட்டுப் போனது அவளுக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, மாமா. அவளுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் அந்தச் சத்தியம்தான் ஞாபகம் வருகிறது.

வெள்ளிக்கிழமை வாய்தாவுக்குக் கள்ளக்குறிச்சிக்கு உங்களைக் கூட்டி வருவார்கள். கோர்ட் வாசலில் நானும் இலக்கியாவும் நிற்போம். ஜட்ஜ் ஐயாவிடம் நீங்களே உண்மையைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் உள்ளே வந்து சொல்லிவிடுவேன். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தைப் பெற்றவளே மீறும்படி வைத்துவிடாதீர்கள்.

உங்கள் காலில் விழுந்து கேட்கும்,
செந்தமிழ்ச்செல்வி