லெச்சுமி பெயரில் போன என் சளி

1974 ஆடி, வெள்ளி இரவு.

இன்று தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டில் இருந்தவர்கள் யாழ்ப்பாணத்து டாக்டர் ஐயா, என் மகன் சுப்பையா, மருமகள் லெச்சுமி, நான். காலையில் லெச்சுமி ரத்தமாக இருமினாள். டாக்டர் ஐயா திகைத்துப்போனார்.

"போன மாசம் இவவின்ர சளியில கசநோய்க் கிருமி இல்லை எண்டுதானே வந்தது?"

சுப்பையா தலை குனிந்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. "உங்களுக்குத்தான் சோதனைம்மா, துப்புங்க" என்று போன மாசம் டப்பாவை நீட்டினானே, அதில் நான் துப்பியதை லெச்சுமி பெயரில் கொடுத்துவிட்டு, அவள் சளியைக் கொட்டியிருக்கிறான்.

"ஏன்டா பாவி?"

"கசம்னு தெரிஞ்சா லயத்துல ஒருத்தரும் நம்ம வீட்டுல தண்ணி குடிக்க மாட்டாங்கம்மா."

"இனி அவ குடிப்பாளாடா?"

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லெச்சுமியை லொறியில் ஏற்றினார்கள். என் கையை அவள் விடவே இல்லை. பிழைப்பாளோ, தெரியவில்லை. என் எச்சிலை வைத்தே அவளை ஏமாற்றியவனை மன்னிக்க மாட்டேன். நான் பெற்ற சுப்பையாவை.